கேலக்ஸிக் கொத்தில் காந்தக் குமிழி: எந்தக் கோடில் ஓட்டுவது?

மார்கழி பிறந்தால் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வர ஆரம்பிக்கும். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் தொடங்கப்போகும் எம்.எஸ்சி. பிள்ளைகள். கோபி, ஈரோடு, நாமக்கல், பொள்ளாச்சி என்று ஊர்தான் மாறும், கேள்வி மாறாது. "சார், கேலக்ஸிக் கொத்துல குமிழி எழும்புறத சிமுலேஷன் பண்ணலாம்னு இருக்கறனுங்க. ஃப்ளாஷ்ல போறதா, புளூட்டோல போறதா, அதீனாலயா? எதுல போனாலும் ஒண்ணுதானுங்களே?"

ஒன்று இல்லை. இவையெல்லாம் வாயு ஓட்டத்தைக் கணக்கிடும் கணினி நிரல்கள். கோடில் ஓட்டுவது என்று நான் சொல்வது இந்த நிரல்களைத்தான், காந்தப்புலக் கோட்டை அல்ல. போனில் பத்துப் பேருக்குச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எதைத்தான் சிமுலேட் செய்கிறோம்

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில் கொப்பரை கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாறு தண்ணியாக இருக்கும்போது குமிழி எழுந்த வேகத்தில் சிதறும். பாகு பதம் நெருங்கியதும் அதே குமிழி பெரிசாக, முழுசாக மேலே வந்து உடையும். பல கேலக்ஸிகள் ஈர்ப்பால் கூடிக்கிடக்கும் கேலக்ஸிக் கொத்திலும் இப்படித்தான் ஒரு கொப்பரை இருக்கிறது. கொத்தின் நடுவில் உள்ள கேலக்ஸியின் கருந்துளை ஜெட்டுகளைப் பாய்ச்சி, சுற்றியிருக்கும் பல கோடி டிகிரி சூடான வாயுவுக்குள் குமிழிகளை ஊதுகிறது. அவை கனம் குறைந்தவை, மேலே மிதந்து ஏறும். பெர்சியஸ் கொத்தில் என்ஜிசி 1275-ஐச் சுற்றி இந்தக் குழிகளைச் சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி தெளிவாகப் படம்பிடித்தது. ஒஃபியூகஸ் கொத்தில் மிகப் பெரிய பழைய குழி ஒன்று இருப்பதை 2020-ல் உறுதி செய்தபோது, புனே பக்கத்தில் உள்ள நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் தரவும் அதில் இருந்தது.

சிக்கல் இதுதான். காந்தப்புலமும் பிசுக்கும் இல்லாத வெறும் பாய்மமாக வைத்து ஓட்டினால் குமிழி சீக்கிரமே புகைவளையம் போல ஆகி, ரேலி-டெய்லர் (கனமானது லேசானதன் மேல் உட்காரும்போது வருவது), கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் (வேறு வேறு வேகத்தில் உரசும்போது வருவது) நிலையின்மைகளால் கிழிந்துபோகிறது. வானத்திலோ 10 கோடி ஆண்டு வயதுள்ள குழிகள் உருக்குலையாமல் நிற்கின்றன. அப்படியானால் அந்த வாயு பாகு மாதிரி பிசுக்குள்ளதா? அல்லது காந்தப்புலக் கோடுகள் ஏறும் குமிழியின் மேல் ஜமுக்காளம் போர்த்தியது போலச் சுற்றிக்கொண்டு காக்கின்றனவா? உங்கள் ப்ராஜெக்ட் இந்த இரண்டில் எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அளந்து பார்க்க வேண்டியவை

முதலாவது, அந்தக் காந்தப் போர்வையின் தடிமன். கொத்து வாயுவில் காந்தப்புலம் சில மைக்ரோகாஸ்தான். வாயு அழுத்தம் காந்த அழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. இவ்வளவு மெலிந்த புலத்தில் போர்வையும் மெலிசாகத்தான் இருக்கும், குமிழியின் ஆரத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். குமிழி ஆரம் 10 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் ஏறக்குறைய 3,260 ஒளியாண்டு) என்றால் போர்வை 0.1 கிலோபார்செக். கணக்கிட எடுக்கும் 100 கிலோபார்செக் பெட்டியை ஒவ்வொரு பக்கமும் 256 செல்லாக (256³ கிரிட்) வெட்டினால் ஒரு செல்லே 0.39 கிலோபார்செக். போர்வை அந்தச் செல்லுக்குள்ளேயே தொலைந்துபோகும்.

இரண்டாவது, பலர் காலை வாரிவிடுவது: போலிப் பிசுக்கு. செல் பெரிசானால் கோடே ஒரு பிசுக்கைச் சேர்த்துவிடும். குமிழி உடையாமல் ஏறும், நீங்கள் காந்தப்புலம் காப்பாற்றியது என்று எழுதுவீர்கள். காப்பாற்றியது உங்கள் கரடுமுரடான கிரிட். அதனால் காந்தப்புலம் இல்லாத ஓட்டம் ஒன்றை அதே கிரிட்டில் கட்டாயம் ஓட்ட வேண்டும், பாதித் தெளிவில் இன்னொன்றும் வேண்டும். ஒரு முடிவுக்குக் குறைந்தது மூன்று ஓட்டம். எந்தக் கோடு நல்லது என்று கேட்பதைவிட, எந்தக் கோடில் உங்களால் மூன்று ஓட்டத்தை முடிக்க முடியும் என்று கேட்பதுதான் சரி.

மூன்றாவது, டைவர்ஜன்ஸ். காந்தப்புலத்தின் டைவர்ஜன்ஸ் பூச்சியமாக இருக்க வேண்டும் என்பது இளங்கலைப் பாடம். கணினிக்கு அது தெரியாது. சிடி எனப்படும் முறை, புலத்தைச் செல்லின் முகங்களில் வைத்து, ரவுண்டிங் பிழை அளவுக்குப் பூச்சியமாகவே காப்பாற்றும். ஜிஎல்எம், பவல் போன்ற முறைகள் பிழை உண்டானபின் கழுவிவிடும். கழுவல் மோசம் என்று இல்லை. ஆனால் போர்வை மாதிரி மெலிசான இடத்தில் கழுவியது போக மிஞ்சும் அழுக்கு எவ்வளவு என்று நீங்களே அளந்து காட்ட வேண்டியிருக்கும்.

நான்காவது நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

கொத்து வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். 0.39 கிலோபார்செக் செல்லை ஒலி கடக்க 3.8 லட்சம் ஆண்டு ஆகும். பாதுகாப்புக்கு அதில் 0.3 பங்கு எடுத்தால் ஒரு காலடி, அதாவது கோடு ஒரே தடவையில் முன்னேறும் நேரம், 1.15 லட்சம் ஆண்டு. 10 கோடி ஆண்டு ஓட்ட 870 காலடி. 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் குமிழிக்குள் அடர்த்தி நூறில் ஒரு பங்கு, அழுத்தம் வெளியே உள்ளதுதான். அப்படியானால் உள்ளே ஒலியின் வேகம் பத்து மடங்கு. காலடியும் பத்தில் ஒன்றாகச் சுருங்கும்: 8,700. கோடுக்குத் தகுந்து மாறும் என்றாலும், கணக்குக்கு ஒரு கோர் நொடிக்கு 5 லட்சம் செல்லைப் புதுப்பிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 8 கோர் உள்ள ஒரு சாதாரணக் கணினியில்:

| கிரிட் | ஓட்ட நேரம் | ஒரு நகல் எடுக்கும் நினைவகம் |
|---|---|---|
| 128³ | 40 நிமிடம் | 0.13 ஜிபி |
| 256³ | 10 மணி | 1.1 ஜிபி |
| 512³ | ஒரு வாரம் | 8.6 ஜிபி |
| 1024³ | மூன்றரை மாதம் | 69 ஜிபி |

கிரிட்டை இரட்டித்தால் வேலை 16 மடங்கு. கோடு உள்ளே நான்கைந்து நகல் வைத்துக்கொள்ளும் என்பதால் நினைவகத்தை நான்கைந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஜெட்டை நிஜமாகவே பாய்ச்சிக் குமிழியை ஊதுகிறேன் என்று கிளம்பினால், ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போகும் ஜெட் காலடியை இன்னும் மூன்றில் ஒன்றாக நறுக்கும். எம்.எஸ்சி.க்கு அந்த ஆசை வேண்டாம். ஏற்கனவே ஊதிவைத்த குமிழியிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்தாவது, மாட்டிக்கொண்டால் கேட்க யார் இருக்கிறார்கள் என்பது. உங்கள் கல்லூரியில் யாரும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புளூட்டோ

இத்தாலியின் டூரினில் எழுதப்பட்டு 2007-ல் கட்டுரையோடு வெளிவந்தது. சி மொழி, இலவசம். நீங்கள் தொட வேண்டியது பெரும்பாலும் மூன்றே கோப்புகள்: ஆரம்ப நிலை, வரையறைகள், ஓட்ட அளவுகள். சி தெரிந்த பிள்ளை ஒரே வாரத்தில் முதல் குமிழியைப் பார்த்துவிடலாம். காந்தக் கோடு வழியாக மட்டும் வெப்பம் கடத்தும் பகுதி கூடவே வருகிறது. கொத்து இயற்பியலுக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் அங்கே வெப்பம் பாவு நூல் வழியாக ஓடுமே தவிர ஊடைக்குத் தாவாது. குளிர்தலுக்கும் அட்டவணை கொடுத்தால் போதும்.

மறைந்திருக்கும் செலவு ஏஎம்ஆரில் இருக்கிறது. தேவையான இடத்தில் மட்டும் செல்லைப் பொடியாக்கும் வசதி வேண்டுமென்றால் சோம்போ நூலகத்தைத் தனியாகக் கட்டி இணைக்க வேண்டும். அதைக் கட்டுவதிலேயே ஒரு மாதத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். கட்டினாலும் அந்த வழியில் சிடி கிடையாது, கழுவல்தான். ஆகவே புளூட்டோவை நிலையான கிரிட்டில், சிடியோடு ஓட்டுவதாக இருந்தால் மட்டும் எடுங்கள். அந்த எல்லைக்குள் இதைப் போல வசதியானது வேறு இல்லை.

அதீனா++

பிரின்ஸ்டன் பக்கத்தில் வளர்ந்த பழைய அதீனாவை சி++ல் புதிதாக எழுதியது. இதன் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் நம் கணக்குக்கு அதுதான் தேவை: செல்லைப் பொடியாக்கும்போதும் சிடி கெடாமல் நிற்கும். குமிழி ஏறும் பாதையில் மட்டும் நடுவில் ஒரு நெடுந்தூண் மாதிரி பகுதியை இரண்டு படி பொடியாக்கி, மற்ற இடத்தைக் கரடாக விட்டுவிடலாம். ஓடும்போதே மாறும் ஏஎம்ஆர் தேவையில்லை, முன்கூட்டியே வகுத்த இந்த நிலையான பொடியாக்கமே குமிழிக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். எங்கே ஏறப்போகிறது என்றுதான் தெரியுமே: வேகம் ஒலியில் பாதி என்றால் 10 கோடி ஆண்டில் 50 கிலோபார்செக், நேர் மேலே.

செலவு என்ன? கோடு கச்சிதமானது, கடையில் எல்லாச் சாமானும் இருக்காது. குளிர்தல் வேண்டுமென்றால் நீங்களே சமன்பாட்டில் ஒரு கூடுதல் உறுப்பாக எழுத வேண்டும். காந்தக் கோடு வழிப் பிசுக்கு வேண்டுமென்றாலும் உங்கள் கையால்தான். சி++ பயம் உள்ளவர்களுக்கு முதல் மூன்று வாரம் கசக்கும்.

இதன் ஜிபியு வாரிசு அதீனாகே. "எங்க அண்ணனோட கேமிங் கம்ப்யூட்டர்ல நல்ல கார்டு இருக்குதுங்க சார்" என்று ஒரு பையன் சொன்னான். விளையாட்டுக் கார்டுகளின் இரட்டைத் துல்லிய வேகத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சமீபத்திய பலவற்றில் அது ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64-ல் ஒரு பங்குதான்.

ஃப்ளாஷ்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது, 2000-லிருந்து இருக்கிறது. விண்மீன்களின் அணுவெடிப்புக்காக எழுதியதால் அந்தப் பெயர். ஏஎம்ஆர் கூடவே கட்டி வரும், எம்.எச்.டி.க்கு, அதாவது காந்தப்புலம் சேர்ந்த பாய்மக் கணக்குக்கு, சிடி வகைத் தீர்வியும் உண்டு. கொத்துக் குமிழி பற்றி நீங்கள் படிக்கப்போகும் கட்டுரைகளில் நிறைய இதில் ஓட்டியவை, அதனால் ஒப்பிட வசதி. உரிமத்துக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டும், அடுத்தவருக்கு நகல் கொடுக்கக் கூடாது. ஃப்ளாஷ்-எக்ஸ் என்று புது வாரிசும் வந்திருக்கிறது.

ஃபோர்ட்ரான் தெரிந்த, ஏற்கனவே இதை ஓட்டிய வழிகாட்டி இருந்தால் வேறு யோசிக்கவே வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நான் சொல்ல மாட்டேன். இன்னொரு காரணமும் உண்டு, இது ஏஎம்ஆர் கோடுகள் எல்லாவற்றுக்கும் பொது. ஆரம்பத்தில் குமிழி ஓரத்தில் மட்டும் பொடிச் செல் இருக்கும், ஓட்டம் பறக்கும். குமிழி கிழிந்து கலக்க ஆரம்பித்ததும் பெட்டி முழுக்க ஓரமாகிவிடும். எங்கு பார்த்தாலும் பொடிச் செல். மூன்றாம் நாள் வரை நன்றாகப் போனது நான்காம் நாள் நினைவகம் நிரம்பி நிற்கும். முதல் மணி நேரத்தின் வேகத்தைப் பார்த்து மொத்தத்தையும் கணக்கிட்டு வழிகாட்டியிடம் தேதி சொல்லிவிடாதீர்கள்.

அரெப்போ

மற்றதெல்லாம் நிலத்தில் அறைந்த கிரிட். அரெப்போவில் வொரொனாய் செல்கள் வாயுவோடு சேர்ந்து நகரும். குமிழி 50 கிலோபார்செக் ஏறும்போது நிலையான கிரிட்டில் நூறுக்கு மேற்பட்ட செல்களைக் கடக்கிறது. கடக்கும் ஒவ்வொரு முறையும் ஓரம் கொஞ்சம் கரைகிறது. செல்லே கூட வந்தால் அந்தக் கரைசல் குறையும். கொத்து முழுதும் கொந்தளித்துக்கொண்டிருக்க, அதற்குள் குமிழி அலைக்கழிவதைப் பார்க்க வேண்டுமென்றால் இதற்கு இணை இல்லை.

பொதுப் பதிப்பு இலவசம். ஆனால் கட்டுரைகளில் பார்த்து வாயூறும் காஸ்மிக் கதிர், கருந்துளை ஜெட் பகுதிகள் அதில் இல்லை. டைவர்ஜன்ஸ் பவல் முறையில்தான் அடங்குகிறது. ஒவ்வொரு காலடியிலும் செல்களைப் புதிதாகக் கட்டும் செலவும் சேரும். வெளிவரும் தரவு ஒழுங்கான கிரிட்டில் இல்லாததால் ஒரு சாதாரண வெட்டுப்படம் வரையவே தனியாகக் கற்க வேண்டும். பிஎச்.டி. முதலாண்டில், நான்கு வருடம் கையில் இருக்கும்போது யோசிக்கலாம்.

துகள் முறை, ஃப்ளூயன்ட், இன்னபிற

எஸ்பிஎச் துகள் முறை இந்தக் கேள்விக்கு ஆகாது. அதன் பழைய வடிவம் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மையை அமுக்கிவிடும் என்று 2007-லேயே ஒப்பிட்டுக் காட்டிவிட்டார்கள். குமிழி கிழிகிறதா என்பதே கேள்வியாக இருக்கும்போது கிழிவதைத் தடுக்கும் கருவியை எடுப்பானேன். காட்ஜெட்-4 என்ற துகள் முறைக் கோடின் பொதுப் பதிப்பில் காந்தப்புலமும் இல்லை.

கோயமுத்தூர்க்காரர்கள் மட்டும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பம்ப், வால்வு டிசைனுக்கு ஃப்ளூயன்ட் ஓட்டத் தெரிந்த இன்ஜினியரிங் பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம், "அதுலயே ஓட்டக் கூடாதுங்களா?" என்பார்கள். அந்தக் கருவிகள் பம்புக்குள் ஓடும் தண்ணீருக்கு ராஜா. ஓபன்ஃபோமில் எம்எச்டிஃபோம் என்றே ஒன்று இருக்கிறது, ஆனால் அது அமுங்காத பாய்மத்துக்கு. நமக்கு வேண்டியது அமுங்கும் வாயு. அந்தத் திறமை வீண் போகாது: கிரிட், எல்லை நிபந்தனை, காலடி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மாதம் முன்னால் இருக்கிறார்கள்.

ஒரே பார்வையில்

| | புளூட்டோ | அதீனா++ | ஃப்ளாஷ் | அரெப்போ |
|---|---|---|---|---|
| மொழி | சி | சி++ | ஃபோர்ட்ரான் | சி |
| டைவர்ஜன்ஸ் | நிலையான கிரிட்டில் சிடி | பொடியாக்கினாலும் சிடி | சிடி | பவல் |
| காந்தப் போர்வை தெரிய | பெரிய கிரிட் வேண்டும் | பாதையை மட்டும் பொடியாக்கலாம் | ஏஎம்ஆர் | செல்லைப் பிரிக்கலாம் |
| எதிர்பாராத செலவு | சோம்போ கட்டுதல் | இயற்பியலை நீங்களே எழுதுதல் | கடைசி நாள் நினைவகம் | தரவைப் படிக்கக் கற்றல் |
| யாருக்கு | நான்கு மாத ப்ராஜெக்ட் | பிஎச்.டி. | வழிகாட்டிக்குத் தெரிந்தால் | நீண்ட ஆய்வு |

இரு பரிமாணமா, முப்பரிமாணமா

512² கிரிட்டில் இரு பரிமாண ஓட்டம் 20 நிமிடத்தில் முடியும், ஆசை வரத்தான் செய்யும். கோடைப் பழக அது நல்லது. முடிவு எழுத அல்ல. இரு பரிமாணத்தில் தளத்திலேயே கிடக்கும் புலக் கோடு குமிழியின் பக்கவாட்டில் வழுக்கிப் போக வழியில்லை, போர்வை இல்லாத பலத்தோடு காக்கும். முப்பரிமாணத்தில் சீரான புலம் புலக் கோட்டின் திசையில் மட்டும் கிழிசலைத் தடுக்கும், குறுக்குத் திசையில் குமிழி தாராளமாகக் கிழியும். இரண்டும் வேறு வேறு முடிவு.

ஆரம்பப் புலத்தின் வடிவமும் கோடைவிட முக்கியம். 2007-ல் பென்சில் என்ற பெயருள்ள கோடில் செய்த ஓர் ஆய்வு சிக்குண்ட புலத்தோடு ஓட்டிப் பார்த்தது. புலத்தின் சிக்கு குமிழியைவிடப் பெரிய அளவில் இருந்தால் போர்வை காக்கிறது. அதைவிடச் சின்னச் சின்னச் சிக்காக இருந்தால் காப்பு மிகக் குறைவு. எந்தக் கோடானாலும் புலத்தை நேராக எழுதிவிடாமல் வெக்டர் பொட்டென்ஷியலிலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் முதல் காலடியிலேயே டைவர்ஜன்ஸ் எகிறும், சிடியும் அந்தத் தப்பைப் பத்திரமாக அப்படியே காப்பாற்றும்.

எங்கே ஓட்டுவது

256³ வரை துறையில் இருக்கும் 16 ஜிபி கணினியே போதும். 512³-க்கு 64 ஜிபி வேண்டும். ஒரு வாரம் ஓடினால் 250 வாட் கணக்கில் 40 யூனிட் கரண்ட். அதைவிடத் தரவு வைக்கும் இடம்தான் உறுத்தும். 100 தருணங்களைச் சேமித்தால் 860 ஜிபி, ஒற்றைத் துல்லியத்தில் எழுதினால் பாதி. வாடகைக் கிளவுடில் ஓட்டினால் கணக்கிடும் வாடகை கண்ணுக்குத் தெரியும், தரவை இறக்கும் கட்டணம் கடைசியில்தான் தெரியும்.

அதற்கு மேல் போக வேண்டுமானால் திருச்சி என்ஐடியில் 2022-ல் திறந்த பரம் பொருள் இருக்கிறது, 838 டெராஃப்ளாப். கரூர்க்காரர்களுக்குக் கூப்பிடு தூரம்தான். வழிகாட்டி பெயரில் கேட்டுப் பார்க்கலாம். புனேயில் உள்ள வானியல் மையமான ஐயூகாவில் விசிட்டிங் அசோசியேட்டாக இருக்கும் ஆசிரியர் யாராவது உங்கள் பக்கத்துக் கல்லூரியில் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள், அந்த வழியில் கணினியும் ஆலோசனையும் சேர்ந்து கிடைக்கக்கூடும்.

எங்கே ஓட்டினாலும் ரீஸ்டார்ட் கோப்பு எழுதச் சொல்லுங்கள். நான் ஒரு தீபாவளிக்கு ஆறு நாள் ஓட்டத்தை ஆய்வகத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம். திரும்பி வந்து பார்த்தால் கணினி சமர்த்தாக லாகின் திரையைக் காட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது ஐந்தாம் நாள். ரீஸ்டார்ட் இடைவெளியை நான் ஏழு நாளாக வைத்திருந்தேன்.

கோபிப் பெண் என்ன எடுத்தாள்

இந்த மார்கழியில் முதலில் போன் செய்தவள் அவள்தான். கையில் 8 கோர், 16 ஜிபி, நான்கு மாதம், சி மட்டும் தெரியும். அரெப்போதான் வேண்டும் என்று நின்றாள், படங்கள் அழகாக இருக்கின்றனவாம். மூன்று ஓட்டக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் புளூட்டோவுக்கு வந்தாள். 256³-ல் காந்தப்புலத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, 128³-ல் ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு நாளுக்குள் முடியும். 256³-ல் போர்வை முழுசாகத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் போர்வையைப் பற்றி எதுவும் பேசாமல், சிக்கின் அளவை மாற்றினால் குமிழி எவ்வளவு உயரம் வரை ஒன்றாக நிற்கிறது என்பதை மட்டும் தலைப்பாக வைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு படம் அனுப்பினாள். 128³ ஓட்டம், குமிழி அலுங்காமல் ஏறியிருந்தது. "சார், உடையவே இல்லீங்க!" என்று சந்தோஷமாகக் குரல் செய்தி. புலம் இல்லாத ஓட்டத்தையும் அதே 128³-ல் போட்டுப் பார் அம்மிணி என்றேன். முக்கால் மணி நேரத்தில் அடுத்த படம் வந்தது. அதிலும் உடையவில்லை.